இரத்த வகை நோயைத் தீர்மானிக்கிறதா?

உங்கள் பள்ளி அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயர், வகுப்பு, பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றோடு இரத்த வகை என்றும் ஓர் இடம் இருக்கும். ஏ, பி, ஏபி, ஓ என்னும் நான்கில் ஒன்று அங்கே எழுதப்பட்டிருக்கும். அதன் அருகில் பாசிடிவ் அல்லது நெகடிவ் என்ற சொல் இருக்கும். விபத்து நேர்ந்து இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் உதவும் என்பதற்காக எழுதி வைத்த குறிப்பு இது.

ஆனால் இந்த ஓர் எழுத்தைப் பற்றி ஊரில் உலவும் பேச்சுகள்தாம் எத்தனை! 'ஏ வகைக்காரருக்கு வயிற்று நோய் வரும்', 'ஓ வகைக்காரருக்கு எந்த நோயும் அண்டாது', 'பி வகைக்காரர் இன்ன உணவைத் தொடக்கூடாது' என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். இவற்றில் உண்மை எவ்வளவு? பிறக்கும்போதே நம்மோடு வந்த ஓர் எழுத்து, நமக்கு எந்த நோய் வரும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறதா?

இது வெறும் ஆர்வத்துக்காகக் கேட்கப்படும் கேள்வி அன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் நமது சென்னையிலேயே, ஆளைக் கொல்லும் ஒரு கொடிய நோயை முன்னிட்டு இக்கேள்வி கேட்கப்பட்டது, விடையும் காணப்பட்டது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இரத்த வகை பற்றிய எந்தச் செய்தியையும் எடைபோடும் திறமை நமக்கு வந்துவிடும்.

எழுத்துக்குப் பின்னால் இருப்பது என்ன?

ஒருவருடைய இரத்தத்தை இன்னொருவருடைய இரத்தத்தோடு கலந்தால் சில சமயம் சிவப்பணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டுவிடுகின்றன. இதன் காரணத்தை 1901இல் வியன்னா நகரில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்தார். மனித இரத்தம் ஒரே வகையானது அன்று என்று அவர் காட்டினார். இதற்காக அவருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

நமது சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளாலான சிறு சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான அடிப்படைச் சங்கிலிக்கு 'ஹெச்' என்று பெயர். இதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரை சேர்ந்தால் அது ஏ. வேறொரு சர்க்கரை சேர்ந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. எதுவுமே சேராமல் ஹெச் சங்கிலி மட்டும் நின்றால் ஓ. அவ்வளவுதான் வேறுபாடு! இத்தகைய அடையாளப் பொருள்களை ஆன்டிஜென் என்கிறோம். தன்னிடம் இல்லாத ஆன்டிஜெனுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. ஆகவேதான் ஏ வகையினருக்கு பி வகை இரத்தத்தை ஏற்றக் கூடாது.

இங்கே ஒரு செய்தியை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் சிவப்பணுக்களில் மட்டும் இல்லை. இரைப்பை, குடல், இரத்தக் குழாய் ஆகியவற்றின் உட்புறச் சவ்வுகளிலும் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு உமிழ்நீரிலும்கூட உண்டு. நோய்க்கிருமிகள் நமது உடலில் வந்து ஒட்டும் இடங்கள் இவையல்லவா? அப்படியானால் இரத்த வகைக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எண்ணுவதில் தவறில்லை. 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதுதான் அறிவியலின் வேலை.

நாடு மாறினால் எண்ணிக்கை மாறும்

முதல் உலகப் போரின்போது கிரேக்க நாட்டின் சலோனிகா நகரில் பல நாட்டுப் படைகள் தங்கியிருந்தன. அங்கே பணியாற்றிய ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் மருத்துவத் தம்பதியர், அந்தப் படைவீரர்களின் இரத்தத்தைச் சோதித்து 1919இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐரோப்பியரிடையே ஏ வகை மிகுதி; இந்திய வீரர்களிடையே பி வகை மிகுதி என்பது தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் இந்தியாவுக்குள்ளேயே வேறுபாடு உண்டு என்று காட்டின. வட மாநிலங்கள் பலவற்றில் பி வகை முதலிடம் பெறுகிறது. நமது தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் ஓ வகையினர். பி வகையினர் அடுத்த இடம். ஏ வகையினர் ஐந்தில் ஒரு பங்கினர். ஏபி வகையினரே மிகக் குறைவு.

ஏன் இந்த வேறுபாடு? பழங்காலத்தில் பரவிய கொள்ளைநோய்கள், ஒரு வகையினரை அதிகமாகக் கொன்று இன்னொரு வகையினரை விட்டுவைத்திருக்குமோ? இந்த ஐயம் அறிஞர்களைப் பிடித்துக்கொண்டது. அவர்களது பார்வை பெரியம்மையின் மேல் விழுந்தது.

சென்னையில் நடந்த சோதனை

பெரியம்மை என்றால் என்னவென்று இன்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். உடலெங்கும் கொப்புளம் எழும்பி, கொடிய வகையாக இருந்தால் தடுப்பூசி போடாத நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறப்பார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் வடு. சிலருக்குக் கண் பார்வையும் போய்விடும்.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியைச் சேர்ந்த பெட்டன்கோஃபர் குழுவினர் ஒரு கருத்தை வெளியிட்டனர். அம்மைக் கிருமியிடம் ஏ ஆன்டிஜெனைப் போன்ற பொருள் ஒன்று இருக்கிறது. ஆகவே ஏ வகையினரின் உடல் அதனை 'நம்மவன்' என்று எண்ணி எதிர்க்காமல் விட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறதல்லவா? இதன்படி ஏ, ஏபி வகையினரைப் பெரியம்மை கடுமையாகத் தாக்க வேண்டும்.

இதனைச் சோதிக்க ஃபோகல் என்னும் ஜெர்மானிய அறிஞரும் சக்கரவர்த்தி என்னும் இந்திய அறிஞரும் மேற்கு வங்காளம், பீகார் கிராமங்களுக்குச் சென்றனர். நோய் கண்டவர்களையும், அவர்களுடன் பிறந்து நோய் காணாதவர்களையும் ஒப்பிட்டனர். ஏ, ஏபி வகையினரிடம் நோய் மிகுதியாகவும் கடுமையாகவும் இருந்தது என்று 1966இல் அறிவித்தனர்.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையிலும் இக்கேள்வி ஆராயப்பட்டது. தண்டையார்பேட்டையில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனைக்குப் பெரியம்மை நோயாளிகள் ஏராளமாக வந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே அவர்களைக் கவனித்துவந்த டாக்டர் ஏ. ஆர். ராவ், இங்கிலாந்தைச் சேர்ந்த டௌனி, அமெரிக்காவைச் சேர்ந்த கெம்ப் முதலானோருடன் சேர்ந்து நோயாளிகளின் இரத்த வகைகளைக் கணக்கெடுத்தார். முடிவு 1965இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. நோய் வருவதற்கும் இரத்த வகைக்கும் தொடர்பு தெரியவில்லை. நோயின் கடுமைக்கும் இரத்த வகைக்கும் தொடர்பு தெரியவில்லை என்பதே அந்த முடிவு!

ஒரே கேள்வி, ஒரே நாடு, இரண்டு விடைகள். இது எப்படி?

எண்ணுவதிலும் ஒரு கலை உண்டு

நாமே ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பத்தூரில் ஏதோ ஒரு காய்ச்சல் பரவுகிறது. மருத்துவமனைக்கு வந்த 100 பேரில் 40 பேர் ஓ வகை, 20 பேர் ஏ வகை. 'ஆகா, ஓ வகையினருக்கு இரு மடங்கு ஆபத்து!' என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஊரில் நோயில்லாமல் நடமாடும் மக்களிடையேயும் ஓ வகையினர் நூற்றுக்கு 40, ஏ வகையினர் நூற்றுக்கு 20 என்றுதானே இருக்கிறார்கள்! நோயாளிகளை மட்டும் எண்ணினால் போதாது. நோயில்லாதவர்களையும் எண்ணி ஒப்பிட வேண்டும்.

சரி, நோயில்லாதவர்களை எங்கே தேடுவது? அருகில் உள்ள ஆவடியில் படைப்பிரிவுகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே சென்று எண்ணுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வசிப்போரில் பலர் வட மாநிலத்தவர். அவர்களிடையே பி வகை மிகுதியாக இருக்கும். அவர்களோடு ஒப்பிட்டால் நமது நோயாளிகளிடம் பி வகை குறைவாகத் தெரியும். உடனே 'பி வகை காய்ச்சலைத் தடுக்கிறது' என்று முடிவு கட்டினால் எவ்வளவு பெரிய பிழை! அங்கே வேறுபட்டது ஊர்தானே தவிர நோய் அன்று. உடன்பிறந்தோரை ஒப்பிட்ட ஃபோகலின் முறை இந்தப் பிழையிலிருந்து தப்பும் நல்ல முறை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது இடர், தற்செயல். 40 பேர் உள்ள வகுப்பில் 16 பேர் ஓ வகையினராக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் 13 பேரோ 19 பேரோ இருந்தாலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயிரம் பேரை எண்ணினால் 400க்குப் பதில் 385 அல்லது 415 வரும். ஆட்கள் பெருகப் பெருக, விகிதத்தில் தற்செயலின் ஆட்டம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே சிறிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய எண்ணிக்கை வேண்டும்.

பெரியம்மை விஷயத்தில் வேறு சில ஆய்வுகளும் சென்னை தந்த விடையின் பக்கமே நின்றன. மறுபடியும் சோதித்து இறுதி முடிவு காணலாமே என்றால், இனி முடியாது. ஏனெனில் அந்த நோயே உலகில் இல்லை! 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் அது ஒழிந்தது; உலகமெங்கும் ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. ஒழித்தது எது? தடுப்பூசியும், நோய் கண்ட வீட்டைத் தேடிச் சென்று சுற்றியிருப்போருக்கெல்லாம் ஊசி போட்ட ஊழியர்களின் உழைப்பும்தான். நமது கிண்டியில் உள்ள கிங் நிலையம் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காகவே 1899இல் தொடங்கப்பட்டது. அந்த ஊசி ஏ வகையினரையும் காத்தது. ஓ வகையினரையும் காத்தது. யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை.

நிலைத்து நின்ற தொடர்புகள்

அப்படியானால் இரத்த வகைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா? உண்டு. பலமுறை சோதித்த பிறகும் நிலைத்து நின்றவை சில இருக்கின்றன.

இரைப்பை நோய்கள்: 1953இல் இலண்டனில் அயன் எய்ர்டு என்னும் அறுவை மருத்துவரும் அவரது குழுவினரும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைப் புற்றுநோயாளிகளின் இரத்த வகைகளை ஆராய்ந்தனர். ஓ வகையினரைவிட ஏ வகையினருக்கு இந்நோய் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் என்று கண்டனர். மறு ஆண்டில், முன்சிறுகுடலில் வரும் புண் ஓ வகையினருக்குக் கூடுதல் என்று கண்டனர். வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஒரு பாக்டீரியா என்று 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் கண்டுபிடித்த பிறகு விளக்கத்துக்கு வழி பிறந்தது. இரைப்பையின் உட்சவ்வில் உள்ள, இரத்த வகையோடு உறவுடைய சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டுதான் அந்தப் பாக்டீரியா அங்கே தங்குகிறது என்று 1993இல் தெரிய வந்தது.

இரத்தம் உறைதல்: இரத்தம் உறைவதற்கு உதவும் வான் வில்லிபிராண்டு காரணி என்னும் புரதம் ஓ வகையினரிடம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஏ, பி சர்க்கரைகள் அந்தப் புரதத்தின் மேலும் ஒட்டிக்கொண்டு, அது விரைவில் அழியாமல் காக்கின்றன. ஆகவே காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் கட்டிக்கொள்ளும் நோய் மற்ற வகையினருக்குச் சற்று அதிகமாக வருகிறது.

மலேரியா: கொடிய மலேரியாவில் கிருமி புகுந்த சிவப்பணு, நல்ல அணுக்களைத் தன்னைச் சுற்றி ரோஜா இதழ்களைப்போல் ஒட்ட வைத்து நுண்குழாய்களை அடைக்கிறது. ஏ, பி சர்க்கரைகள் இந்த ஒட்டுதலுக்குத் துணை செய்கின்றன. ஓ வகையினரிடம் பிடிப்பு தளர்வு. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் குழந்தைகளிடையே நடந்து 2007இல் வெளியான ஆய்வு, கடும் மலேரியாவுக்கு ஆளாவது ஓ வகையினரிடம் மிகவும் குறைவு என்று காட்டியது. ஆனால் சென்னைப் பகுதியில் நாம் பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ் என்னும் வேறுவகை மலேரியா. அந்தக் கிருமி சிவப்பணுவில் நுழையும் வாயில் 'டஃபி' என்னும் வேறோர் இரத்த வகை ஆன்டிஜென் என்பது 1976இல் அறியப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோருக்கு அந்த வாயில் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. ஆகவே நம்மைக் காப்பது இரத்த வகை அன்று. வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடிதான்! நகரத்து மலேரியாக் கொசு முட்டையிடுவது அங்கேதானே.

காலரா: இதில் ஓ வகையினருக்கு நல்ல காலம் இல்லை. காலரா கண்டால் அவர்களுக்குக் கடுமையாகக் காண்கிறது என்று வங்க தேச ஆய்வுகள் காட்டியுள்ளன.

கவனித்தீர்களா? மலேரியாவில் ஓ வகைக்கு நன்மை, காலராவில் தீமை. இரைப்பைப் புற்றில் ஏ வகைக்குத் தீமை; குடற்புண்ணில் ஓ வகைக்குத் தீமை. எல்லா நோய்க்கும் நல்லது என்றோ கெட்டது என்றோ ஓர் இரத்த வகை இல்லவே இல்லை.

எவ்வளவு கூடுதல்?

'20 விழுக்காடு கூடுதல் ஆபத்து' என்று செய்தித்தாளில் படித்தால் மனம் துணுக்குறும். உடனே கேட்க வேண்டிய கேள்வி: 'எதைவிட?' ஒரு நோய் ஆயிரம் பேரில் 10 பேருக்கு வருவதாகக் கொள்வோம். அது 20 விழுக்காடு கூடினால் 12 பேருக்கு வரும். அதாவது கூடுதல் ஆபத்துள்ள பிரிவிலும் 988 பேருக்கு அந்த நோய் வராது! புகையிலை, தூய்மையற்ற குடிநீர், கொசு ஆகியவற்றின் பங்கோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. மேலும் அவற்றை மாற்ற நம்மால் முடியும். இரத்த வகையை மாற்ற முடியாது.

இயற்பியலில் வாயுக்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உங்கள் அறையில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறுகளின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 475 மீட்டர் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு இந்த நொடியில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கேட்டால் அந்தச் சராசரியைக் கொண்டு விடை கூற இயலாது. நோய்க் கணக்கும் அப்படித்தான். கூட்டத்தைப் பற்றி அது மெய் பேசும். தனி ஒருவரின் எதிர்காலத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசும்.

இத்தகைய கணக்கெடுப்பையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆய்வுக்கூடம் நமக்கு மிக அருகில், அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கிறது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்பது அதன் பெயர். ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவையும், சென்னையில் இயங்கிய மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999இல் இது உருவாக்கப்பட்டது. ஒரு பக்கம் நோயை அறிந்தவர்கள். மறு பக்கம் எண்ணத் தெரிந்தவர்கள். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் நோயைப் பற்றிய உண்மை பிடிபடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

எழுத்து உயிர் காக்கும் இடங்கள்

நோயை முன்கூட்டிச் சொல்வதில் இரத்த வகைக்குச் சிறு பங்குதான். ஆனால் வேறு சில இடங்களில் அதுவே உயிர்நாடி.

முதலாவது, இரத்தம் ஏற்றுதல். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் மருத்துவமனையில் மீண்டும் சோதித்து, கொடுப்பவர் இரத்தத்தையும் பெறுபவர் இரத்தத்தையும் பொருத்திப் பார்த்த பிறகே ஏற்றுவார்கள். ஏன் தெரியுமா? 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் ஒரு விந்தையான இரத்த வகையைக் கண்டுபிடித்தனர். இவ்வகையினரிடம் அடிப்படையான ஹெச் சங்கிலியே இல்லை. சாதாரணச் சோதனையில் இவர்கள் ஓ வகையினர் போலவே தோன்றுவார்கள். ஆனால் ஓ இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து! 'பம்பாய் வகை' எனப்படும் இது இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இவர்களுக்கு அதே வகையினர்தாம் இரத்தம் தர முடியும்.

இரண்டாவது, தாய்மை. தாய் நெகடிவ் ஆகவும் வயிற்றில் உள்ள குழந்தை பாசிடிவ் ஆகவும் இருந்தால், தாயின் உடல் குழந்தையின் இரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கக்கூடும். பெரும்பாலும் முதல் குழந்தை தப்பிவிடும். அடுத்த குழந்தைக்குத்தான் தீங்கு. 1968 முதல் பயனுக்கு வந்த ஓர் ஊசியை உரிய நேரத்தில் போட்டால் இத்தீங்கைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கருவுற்றதும் இரத்த வகையைச் சோதிப்பது இதற்காகவே.

இரத்த வகைக்கேற்ற உணவு என்று ஒரு முறை பல நாடுகளில் விற்பனையாகிறது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கீரையும் பருப்பும் நான்கு வகையினருக்கும் நல்லவையே.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் உள்ளவர்களின் இரத்த வகைகளை, பெயர் எழுதாமல் எழுத்தை மட்டும் குறித்து எண்ணுங்கள். பக்கத்து வகுப்பிலும் எண்ணுங்கள். இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன? பிறகு பள்ளி முழுவதையும் எண்ணி, தமிழ்நாட்டுக்குச் சொன்ன விகிதத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்து, கடந்த மாதம் காய்ச்சலால் விடுப்பு எடுத்தவர்கள் எந்த வகையினர் என்றும், எடுக்காதவர்கள் எந்த வகையினர் என்றும் தனித்தனியே எண்ணுங்கள். வேறுபாடு தெரிந்தால் அது உண்மையா, தற்செயலா என்று உங்களுக்குள் வாதாடுங்கள். தண்டையார்பேட்டையில் டாக்டர் ராவும் நண்பர்களும் செய்தது இதே வேலைதான்.

பதினெட்டு வயது நிறைந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் நீங்களும் இரத்த தானம் செய்யலாம். அப்போது அந்த எழுத்து, முகம் தெரியாத ஒருவரைப் பிழைக்க வைக்கும். அது செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை அதுவே.